கப்பல் படத்தில் ஒரு குழந்தை

பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, அக்குளில் விட்டுப்போன தையலை மூட்டுவது. இவ்வளவுதான் அவள் தொழில். புதுத்துணி தைக்கவே மாட்டாள். புதுசு கொண்டுவருகிறவர்கள் ஆயிரம் யோசனை சொல்லி உயிரை எடுப்பார்கள், பழசு கொண்டுவருகிறவர்கள் ஒரே ஒரு குறையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவள் அனுபவத்தில் கண்டது. அதிகம் பேசுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அப்படிப்பட்டவளுக்குப் புருஷனாக வந்து வாய்த்தவர் வாய் ஓயாத ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

அந்த மனிதருக்கு எதைப் பார்த்தாலும் திருத்தவேண்டும். யாராவது மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால், "இல்ல, காத்து மாறிடுச்சு" என்பார். பஸ்ஸில் யாரோ யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தால், முன் சீட்டிலிருந்து திரும்பி, "இல்ல, அப்படிப் போனா சுத்து" என்பார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணைக்கூட விடுவதில்லை. அவருடைய எந்தப் பேச்சும் 'இல்ல' என்றுதான் ஆரம்பிக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணுக்குப் பேச்சு கம்மி" என்று இவள் வீட்டார் சொன்னதற்கு, "இல்ல, யோசிச்சுப் பேசுறாங்க" என்றாராம். அன்றைக்கு அதைக் கேட்டு மயங்கித் தொலைத்ததற்குத்தான் இத்தனை வருஷமாக அனுபவிக்கிறேன் என்று அவள் தையல் மிஷினிடம் சொல்லிக்கொள்வாள்.

அதிலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவர்களின் துணியெல்லாம் அன்றைக்குத்தான் அவள் தலையில் விழும். மதியத்துக்கு மேல் முன்னறையில் கப்பல் படம் ஆரம்பிக்கும். அந்தப் படத்துக்குப் பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் இந்த வீட்டில் அது கப்பல் படம்தான். கொள்ளைக்காரக் கேப்டன், புயல், வாள் சண்டை, புதையல் பெட்டி என்று எல்லாம் இருக்கிற பழைய டப்பிங் படம். அதை ஒரு தடவை பார்த்தால் ரசிகன், பத்துத் தடவை பார்த்தால் கிறுக்கன், இத்தனை வருஷமாக வாராவாரம் பார்த்தால் என்னவென்று சொல்வது? அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

தனியாகப் பார்த்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். கூட்டு வேறு. ஒருவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி, பஸ் கண்டக்டர். இன்னொருவர் கீழ்த்தளத்தில் சலூன் வைத்திருப்பவர். காலைக் கூட்டத்தை முடித்து, கடையைச் சாத்திவிட்டு, கையில் பவுடர் வாசனையோடு மாடியேறி வந்துவிடுவார். மூன்று பேருக்கும் வசனம் மனப்பாடம். அதனால் வசனத்தைக் கேட்பதே இல்லை. அதன்மேலேயே பேசுவார்கள்.

"புயலுக்கு முன்னாடி தாடி ரெண்டு விரல் இருந்துச்சு. இப்போ ஒரு விரல்தான் இருக்கு. அந்த ஆட்டத்துல எவன்ணே இவ்வளவு நேக்கா ட்ரிம் பண்ணான்?" இது சலூன்காரர்.

"மாமா, ஏறினது பத்துப் பேரு. இதுவரைக்கும் செத்தது பதினஞ்சு பேரு. டிக்கெட் எடுக்காம எத்தனை பேர் ஏறியிருக்கான் பாருங்க." இது தம்பி.

"இல்ல, அதை விடு. அந்தக் கயித்தைப் பாரு. அவ்வளவு பெரிய பெட்டியை ஒத்தப் புல்லியில, ஒரே ஒரு சக்கரத்துல தூக்குறான். என் சைட்ல எவனாவது இப்படிப் பண்ணா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்." இது அவர்.

முதல் சண்டையிலேயே குத்துப்பட்டுச் சாகிற சிவப்புத் துண்டுக்காரன் ஒருவன், அப்புறம் துறைமுகத்தில் நடக்கிற ஆட்டம்பாட்டத்தில் பின்வரிசையில் கைதட்டிக்கொண்டு நிற்பானாம். அவன் தலை தெரிந்ததும் மூன்று பேரும் சொந்தக்காரன் வந்ததுபோல, "வந்துட்டான்யா!" என்று கத்துவார்கள். உடனே அவர், "மறுபடி போடு, மறுபடி" என்பார். இந்த 'மறுபடி' காதில் விழும்போதெல்லாம் அவள் மிஷின் பெடலில் காலை ஓங்கி அழுத்துவாள். ஊசி உடைந்ததும் உண்டு.

இத்தனைக்கும் அவள் அந்தப் படத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மிஷின் இருப்பது உள்ளறையில், நடுவே ஒரு துணித்திரை. ஆரம்பத்தில் ஒரு வார்த்தை, 'வா, நீயும் வந்து உட்கார்' என்று கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். அவர்கள் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. டீ வைத்துவிட்டு, டிவியின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாமல் உள்ளே வந்துவிடுவாள். வீம்பு என்றால் வீம்புதான்.

ஆனால் காதை மூடிக்கொள்ள முடியுமா? தையல் சத்தத்துக்கும் இந்த மூன்று பேர் கூச்சலுக்கும் இடையில் வந்து விழுந்த துண்டு துணுக்குகளை வைத்து அவளுக்குள் அவளுடைய கப்பல் படம் ஒன்று வளர்ந்திருந்தது. அதில் ஒரு குழந்தை இருந்தது. புயல் அடிக்கும்போது மெல்லிசாக அழும். புயல் ஓய்ந்த பிறகும் விட்டுவிட்டு அழும். இந்த நடுக்கடலில் கைக்குழந்தையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறானே பாவி என்று முதலில் அவளுக்குக் கேப்டன்மேல் எரிச்சல் வந்தது. அப்புறம் அவன், "இது என்னோடது. உயிரே போனாலும் எவனுக்கும் தரமாட்டேன்" என்று கர்ஜிப்பதைக் கேட்டாள். சரி, தாயில்லாப் பிள்ளையாக இருக்கும், இவன்தான் ஒளித்துவைத்து வளர்க்கிறான், திருடனென்றாலும் மனுஷன் என்று அன்றையிலிருந்து அவனை மன்னித்துவிட்டாள். இந்த வீட்டில் கப்பல் படம் இவ்வளவு காலம் ஓட முடிந்ததற்கு அந்த மன்னிப்பும் ஒரு காரணம். அந்தக் குழந்தையைப் பற்றி இந்த மூன்று தடியன்களும் ஒரு நாளாவது ஒரு வார்த்தை பேசியிருக்கிறார்களா என்ற கோபம் மட்டும் உள்ளுக்குள் இருந்தது. தாடியை அளந்தார்கள், கயிற்றை அளந்தார்கள், பிள்ளையை மறந்தார்கள்.

இப்படி இருந்த வீட்டில், ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர் பிரஷ்ஷோடு சரிந்தார்.

பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். கால் திரும்பி வந்தது. வலது கையும் மெல்ல மெல்ல டம்ளர் பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. வாய்தான் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு இளம் டாக்டரம்மா இருந்தாள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்பாள். முதல் வாரம் அவர் முயற்சி செய்தார். சாவியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், 'செருப்பு' என்று வந்தது. பார்க்க வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். ஊரையெல்லாம் திருத்திய மனிதருக்குத் தன் வாயே தப்பாகப் பேசியதைத் தாங்க முடியவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

"அவருக்குப் பேச்சு உள்ள இருக்கும்மா. நாம சொல்றது எல்லாம் புரியுது, வார்த்தையும் வரும். அவர்தான் முயற்சி பண்ணமாட்டேங்கிறார்" என்றாள் டாக்டரம்மா. "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு வார்த்தையாவது வந்தா நான் பயிற்சியைத் தொடர முடியும். இல்லைன்னா இந்த இடத்தை வேற நோயாளிக்குக் கொடுக்கச் சொல்லிட்டாங்க. நாளாக ஆக, திரும்ப வர்றது கஷ்டம்மா."

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். கெஞ்சினாள். அதட்டினாள். டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டுவார் என்று பார்த்தால், அந்த மனிதர் அதை மடக் மடக்கென்று குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். ரிமோட்டை ஒளித்து வைத்தாள். அதற்கும் சுவர்தான். மாட்டிய காலண்டர் கோணலாக இருந்தால் நடுராத்திரியில் எழுந்து நேராக்குகிற மனிதர், இப்போது அது கோணலாகத் தொங்குவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு அவள் ஆசைப்பட்ட மாதிரி அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அவளுக்குத் தையல் நேராக ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற இரண்டு பேரும் திரும்பவும் வர ஆரம்பித்தார்கள். வந்து என்ன பிரயோஜனம்? அவர் பேச முடியாமல் இருக்கும்போது நாம் பேசுவது நன்றாக இருக்காது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். தாடி குறையும், கூடும். சலூன்காரர் எச்சிலை விழுங்குவார். சிவப்புத் துண்டுக்காரன் செத்துப் பிழைத்துக் கைதட்டுவான். தம்பி தரையைப் பார்ப்பான். படம் முடிந்ததும், "வரோம்ணே", "வரேன் மாமா" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

மாதத்தின் கடைசி ஞாயிறும் வந்துவிட்டது. மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்கவேண்டும். ஆபீஸ் துணி மலையாகக் குவிந்திருந்தது. அவள் ஒரு பேன்ட்டின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள், மிஷின் ஓடவில்லை. முன்னறையில் ஒருத்தரும் பேசவில்லை. அத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் படத்தின் சத்தம் மறைப்பில்லாமல் அவள் காதுக்கு வந்தது. காற்று, அலை, பலகை, கேப்டனின் கத்தல். அதற்கு நடுவே அந்தக் குழந்தை, வீல் வீலென்று, தொண்டை வறள அழுதது.

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. பிரித்த பேன்ட்டைக் கையில் பிடித்தபடியே திரையை விலக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"இது என்ன எழவு வீடா? எதுக்கு மூணு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? அவருக்குத்தான் பேச்சு வரலை, உங்களுக்கு என்ன கேடு?"

தம்பி எழுந்து நின்றுவிட்டான். "இல்லக்கா, மாமாவுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"நீங்க வாயை மூடினதுதான்டா அவருக்குக் கஷ்டம்! இத்தனை வருஷமா காட்டுக்கத்தல் கத்தி என் உயிரை வாங்கினீங்க. அப்பவும் கேக்கவேண்டியதை ஒருத்தனாவது கேட்டிருப்பீங்களா? அந்தக் குழந்தை என்ன ஆச்சு?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவருங்கூடச் சுவரை விட்டுத் திரும்பினார்.

"எந்தக் குழந்தை அண்ணி?" என்றார் சலூன்காரர்.

"கப்பல்ல அழுவுதே, அது! இப்பக்கூட அழுதுச்சு. அம்மா இல்லாத பிள்ளை. கேப்டன் ஒளிச்சு வெச்சிருக்கானே. எதிரிங்க வந்து கேக்கும்போதுகூட, 'உயிரே போனாலும் தரமாட்டேன்'னு சொல்றானே. கரைக்குக் கொண்டுபோய்ச் சேத்தானா, இல்ல கடல்ல விட்டுட்டானா?"

படத்தில் குழந்தையே கிடையாது. இது சலூன்காரருக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, கையில் யாருடைய பேன்ட்டோ தொங்குகிறது. பாவம், புருஷன் இப்படிக் கிடப்பதில் அண்ணிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சலூன்காரர் நினைத்துவிட்டார். பெரிய மனசு செய்து தலையாட்டினார்.

"இருக்கு அண்ணி, இருக்கு. குழந்தை... நல்லாத்தான் இருக்கு."

"ஆமாக்கா" என்று தம்பியும் ஒத்து ஊதினான். "கீழ் ரூம்ல இருக்கும். சமையல்காரன் பாத்துக்குவான்."

நாற்காலியின் கைப்பிடியில் டப்பென்று ஓர் அடி விழுந்தது.

அவர் முகம் சிவந்திருந்தது. இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தார். கட்சி மாறிய துரோகிகளைப் பார்க்கிற பார்வை. படத்தில் இல்லாத குழந்தையை இருக்கிறது என்கிறான்கள், அதுவும் என் வீட்டில், என் எதிரில். உதடு கோணியது. தாடை ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இ..." என்றார்.

சலூன்காரர் இருந்த இடத்திலிருந்து பாதி எழுந்தார்.

"இ...ல்ல."

அவருக்கு அது போதவில்லை. மறுத்தால் மட்டும் விடுகிற ஆளா அவர்? திருத்தியாகவேண்டும். நடுங்குகிற வலது கையை டிவியை நோக்கி நீட்டி, விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

"பு...ல்லி. புல்லி. கி... கிரீஸ்... போ...டல."

சலூன்காரர் ஓவென்று அழுதுவிட்டார். தம்பி அழுதானா சிரித்தானா என்று தெரியவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவளுக்குத்தான் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "புல்லியா? இத்தனை நாளா ராத்திரி பகலா பக்கத்துல நின்னு கெஞ்சினேனே, என்னைப் பாத்து ஒரு வார்த்தை வரலை. துருப்பிடிச்ச புல்லிக்குப் பரிஞ்சுகிட்டு வருதா உங்களுக்கு?"

அவருக்கு மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. தம்பி படத்தைப் பின்னால் ஓட்டி, புயலில் பெட்டியைத் தூக்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். "அக்கா, நீயே பாரு. அந்தா, கயிறு ஓடுதே, அந்தச் சக்கரம்தான் கத்துது. அவன் தரமாட்டேன்னு சொல்றது அந்தப் பெட்டியை."

அவள் துணித்திரை ஓரமாகவே நின்று கழுத்தை நீட்டினாள். அவர் பக்கத்து நாற்காலியை இடது கையால் தட்டினார். வார்த்தையைத் தேடி எடுத்து, துடைத்து, வைத்தார்.

"உ...க்காரு."

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை அது! இதைக் கேட்க ஒரு மனிதர் பிரஷ்ஷோடு சரிந்து விழவேண்டியிருந்தது என்று நினைத்தபோது அவளுக்கு அவரை நாலு அறை விடவேண்டும்போல இருந்தது. மூக்கைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அது வாடிக்கையாளர் பேன்ட் என்று நினைவு வந்து, புடவையில் மறுபடி துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கயிறு ஓடியது. சக்கரம் குழந்தையாய் அழுதது. அவளுக்குப் பாதி வெட்கம், பாதி ஏமாற்றம். இவ்வளவு காலம் வளர்த்த பிள்ளை இரும்புச் சக்கரமாகப் போய்விட்டதே. கேப்டன் கயிற்றைப் பிடித்தபடி நேராகத் திரும்பினான். முதல்முறையாக அவன் முகத்தைப் பார்க்கிறாள். முகத்தில் ஒன்றும் விசேஷமில்லை. கண் தானாகக் கோட்டுக்குப் போனது.

"அவன் ஏன் பொம்பளை கோட்டுப் போட்டிருக்கான்?" என்றாள்.

"என்னது?" என்றான் தம்பி.

"ஆம்பளைக்குப் பட்டன் வலப்பக்கம் வரும். பொம்பளைக்கு இடப்பக்கம். அங்க பாரு, அவனுக்கு இடப்பக்கம் இருக்கு. இடுப்புலயும் பிடிச்சு விட்டிருக்காங்க. இத்தனை வருஷமா மூணு பேரும் கண்ணை வெச்சுகிட்டு என்னத்தைப் பாத்தீங்க?"

மூன்று பேருக்கும் பேயறைந்தாற்போல ஆகிவிட்டது. சலூன்காரர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். கோட்டு யாருடையது, எப்போது மாற்றினான், புயலுக்கு முன்னால் எந்தப் பக்கம் இருந்தது என்று தம்பி அடுக்க ஆரம்பித்தான். அவர் மட்டும் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். திருத்த இடமில்லாமல் போனதில் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"மறு...படி" என்றார்.

அவளே ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டினாள். ஆபீஸ் துணி மறுநாள் மதியம் வரை தயாராகவில்லை. வாசலில் வந்து சத்தம் போட்டவர்களிடம், கப்பலில் வேலை இருந்தது என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறை. சின்ன மேஜை, அதன்மேல் அட்டைக்கட்டு. வீட்டில் வந்த வார்த்தை இங்கே வரவேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டாள். டாக்டரம்மா முதல் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். தொட்டிலில் கிடந்து அழுகிற ஒரு குழந்தையின் படம்.

"இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் படத்தைப் பார்த்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். உதட்டின் கோணாத பக்கம் மெல்ல மேலே ஏறியது.

"புல்லி" என்றார்.

டாக்டரம்மா முகம் வாடியதைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தாள். "பரவாயில்லை சார், சத்தம் வந்துடுச்சே, நல்ல விஷயம். ஆனா இது புல்லி இல்லை. குழந்தை."

"இல்ல" என்றார் அவர், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. "புல்லி. கிரீஸ் போடல." அப்புறம் தோள் குலுங்கக் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார்.

டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள். அவள் தலையில் ஓங்கி அடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"கிளம்பிடுச்சும்மா" என்றாள். "இனிமே இந்த மனுஷன் வாயை மூடவைக்க ஏதாவது பயிற்சி இருந்தா சொல்லுங்க."